மெக்காலே பேசாத பேச்சு

பழுப்பேறிய தாள், ஓரத்தில் இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலேயின் படம், மேலே "1835 பிப்ரவரி 2, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உரை" என்று ஒரு தலைப்பு. வாட்ஸாப் வைத்திருக்கும் எவரும் இதை ஒருமுறையாவது பார்த்திருப்பார். சுதந்திர தினம், ஆசிரியர் தினம், கல்விக் கொள்கை பற்றிய சண்டை என்று எது வந்தாலும் இதுவும் கூடவே வந்துவிடும். உள்ளே இருப்பது ஏறக்குறைய இதுதான்:

"இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்துவிட்டேன். பிச்சைக்காரன் ஒருவனையோ திருடன் ஒருவனையோ நான் பார்க்கவில்லை. இந்த நாட்டில் அவ்வளவு செல்வம், அவ்வளவு உயர்ந்த ஒழுக்கம், அவ்வளவு தரமான மனிதர்கள். இந்த நாட்டின் முதுகெலும்பான ஆன்மிகப் பண்பாட்டு மரபை முறிக்காதவரை நாம் இதை ஒருபோதும் வெல்ல முடியாது. எனவே இவர்களின் பழமையான கல்வி முறையை மாற்றிவிடலாம் என்கிறேன். அந்நியமானதும் ஆங்கிலமானதும்தான் உயர்ந்தது என்று இந்தியர்கள் நினைக்கத் தொடங்கினால் சுயமரியாதையை இழப்பார்கள், நாம் விரும்பியபடி அடிமை நாடாக ஆவார்கள்."

இதில் ஒரு வரிகூட மெக்காலேயுடையது இல்லை. போலி என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவதுதான். ஆனால் "இது பொய்" என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போவதால், இதைப் பகிர்கிறவர்களுக்கு அது ஒரு தரப்பின் கருத்தாகவே படுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம். இந்தப் போலியைவிட இது மறைத்து வைத்திருக்கும் உண்மைகள்தான் சுவாரசியமானவை.

முதலில் தேதி. 1835 பிப்ரவரி 2 அன்று பேசுவதற்கு லண்டனில் நாடாளுமன்றமே இல்லை. 1834 அக்டோபர் 16 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை எரிந்துபோனது. பழைய காலத்துக் கணக்குக் குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்தபோது பற்றிய தீ இரண்டு சபைகளின் மண்டபங்களையும் விழுங்கிவிட்டது. சரி, கட்டடம் போனால் என்ன, வேறிடத்தில் கூடியிருக்கலாமே என்றால் அதுவும் இல்லை. டிசம்பர் இறுதியில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஜனவரி முழுக்கத் தேர்தல். பிப்ரவரி முதல் வாரம்வரை அது நடந்தது. புதிய நாடாளுமன்றம் கூடியது பிப்ரவரி 19 அன்று. படத்தில் உள்ள நாளில் இங்கிலாந்தில் கூடிப் பேச ஒரு சபை கிடையாது.

மெக்காலேயும் அங்கே இல்லை. லீட்ஸ் தொகுதி உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு, 1833-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான கவர்னர் ஜெனரல் ஆலோசனைக் குழுவின் சட்ட உறுப்பினராக, 1834 பிப்ரவரியில் கப்பலேறினார். ஜூன் 10 அன்று சென்னையில் இறங்கினார். இங்கிலாந்துக்குத் திரும்பியது 1838-ல். அந்தக் காலத்தில் ஒரு வழிக் கடற்பயணத்துக்கே ஏறக்குறைய நான்கு மாதம். சொல்லப்படும் நாளில் அவர் கல்கத்தாவில் உட்கார்ந்து அரசின் கல்விச் செலவு பற்றி ஒரு குறிப்பை எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். போலியைத் தயாரித்தவருக்கு அந்தக் குறிப்பின் தேதி மட்டும் தெரிந்திருக்கிறது. அதையே எடுத்து உரைக்கு ஒட்டிவிட்டார். இப்படி ஒரு நிஜத் தேதி கூட இருப்பதுதான் போலிக்குப் பலம்: தேடிப் பார்க்கிறவருக்கு "மெக்காலே, 1835 பிப்ரவரி 2" என்று உண்மையிலேயே ஏதோ கிடைக்கும், திருப்தியாகிவிடுவார்.

குறுக்கும் நெடுக்குமான பயணம் எப்படி? அதில் நமக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு அப்போது உதகமண்டலத்தில் இருந்தார். அவரைச் சந்திக்க மெக்காலே சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் வழியாக உதகைக்குப் பல்லக்கில் போனார். நானூறு மைல் தூரத்தையும் மனிதர்களின் தோள்மேலேயே கடந்ததாக ஒரு கடிதத்தில் அவரே எழுதுகிறார். மைசூர் மகாராஜா அவரை உட்கார வைத்துத் தன் உடைகளையும் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டிய கதையும் அதில் இருக்கிறது. மழைக்காலத்தை உதகையில் கழித்துவிட்டுச் சென்னைக்கு இறங்கி, கடல் வழியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தது செப்டம்பரில். பிப்ரவரி 2 வரை அவர் கண்ட இந்தியா இவ்வளவுதான்: ஒரு துறைமுகம், பல்லக்குத் திரையின் வழியே தெரிந்த ஒரு சாலை, ஒரு மலைவாசஸ்தலம், ஒரு தலைநகரம்.

அந்தத் தோள்களுக்குரியவர்கள் எத்தனை வேளை சாப்பிட்டிருப்பார்கள் என்பது வேறு கேள்வி. அவர் இறங்கிய சென்னை மாகாணத்தில்தான், அதற்கு ஓராண்டு முன்பு, 1832-33-ல், குண்டூர்ப் பஞ்சம் வந்து போயிருந்தது. அவருடைய மேலதிகாரியான பெண்டிங்கின் ஆட்சியில் வட இந்தியச் சாலைகளில் தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொள்ளையரைப் பிடிக்க ஸ்லீமன் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு பெரிய நடவடிக்கையே நடந்துகொண்டிருந்தது. பிச்சைக்காரனும் திருடனும் இல்லாத நாடு என்று அந்த ஆண்டில், அந்தப் பதவியில் இருந்த எவரும் எழுதியிருக்க வழியில்லை.

"ஒருபோதும் வெல்ல முடியாது" என்பது இன்னும் வேடிக்கை. 1799-ல் திப்பு வீழ்ந்தாயிற்று. 1801-ல் ஆற்காடு நவாபின் கர்நாடகப் பகுதி முழுவதும், அதாவது நம் மாவட்டங்கள், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயாயிற்று. 1818-ல் மராட்டியரின் பேஷ்வா ஆட்சி முடிந்தாயிற்று. பஞ்சாபும் சிந்துவும்தான் பெரிய அளவில் மிச்சம். வென்று முடித்து, வரி வசூலித்து, சட்டம் இயற்ற ஆளும் அனுப்பிய பிறகு, அந்த ஆளே வந்து எப்படி வெல்வது என்று யோசனை சொல்கிறாராம்.

இந்த மேற்கோளுக்கு ஆதாரமாகச் சுற்றிவந்த குறிப்புகள் மெக்காலேயின் எழுத்துகளையோ நாடாளுமன்றப் பதிவுகளையோ காட்டவில்லை. "தி அவேக்கனிங் ரே" என்ற ஓர் ஆன்மிக இதழைத்தான் காட்டின. இதைப் போலி என்று வெளிப்படையாக எழுதியவர்களில் ஒருவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கொன்ராட் எல்ஸ்ட். இந்துத்துவ வட்டாரத்தில் விரும்பி வாசிக்கப்படும் எழுத்தாளர் அவர். இடதுசாரி வரலாற்றாசிரியர்களின் சதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகவே அவர் பெயரைச் சொல்கிறேன். படம் அதனால் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிஜ மெக்காலே எழுதியவையே போதுமான அளவு அவமானகரமானவை. அந்த 1835 குறிப்பில், சமஸ்கிருதமும் அரபியும் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட கையோடு, நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டு இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்று எழுதினார். நம் மருத்துவம் இங்கிலாந்தில் குதிரைக்கு லாடம் கட்டுகிறவனுக்கே வெட்கம் தரும், வானவியலைப் பார்த்தால் ஆங்கில விடுதிப் பள்ளிச் சிறுமிகள் சிரிப்பார்கள், வரலாற்றில் முப்பது அடி உயர ராஜாக்கள், புவியியலில் வெண்ணெய்க் கடல் என்று கிண்டலடித்தார். இதெல்லாம் ஆவணம், யாரும் மறுக்க முடியாது. மெக்காலேயைத் திட்ட விரும்புகிறவருக்குப் போலி எதற்கு?

அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். உண்மையான மேற்கோள் நம்மை இகழ்கிறது, போலியானது நம்மைப் புகழ்கிறது. நம்முடைய செல்வத்துக்கும் ஒழுக்கத்துக்கும் எதிரியின் வாயாலேயே சான்றிதழ் வாங்கித் தருகிறது. அந்நியர் சொன்னால்தான் உயர்வு என்று நினைக்கக்கூடாது என்பதுதான் அந்தப் படத்தின் உபதேசம். அதை நம்ப வைக்க அந்தப் படமே ஒரு வெள்ளைக்காரரைத்தான் கூப்பிடுகிறது. இந்த முரண்பாடு அதைப் பகிர்கிறவர் யாருக்கும் உறுத்துவதில்லை. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நிஜ மெக்காலேயைப் படித்துக் காட்டினால் கூட்டம் கொஞ்ச நேரம் சங்கடமாக நெளியும்.

இன்னொரு வசதியும் உண்டு. பிச்சைக்காரனே இல்லாத இந்தியா என்று தொடங்கிவிட்டால், அந்த இந்தியாவில் யார் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார், யார் வெளியே நின்றார் என்ற கேள்வியே எழாது. குற்றம் முழுக்க 1835-க்குப் பிறகு வந்ததாகிவிடும்.

இனி நிஜக் குறிப்பு. அது நாகரிகத்தை அழிக்கும் திட்ட அறிக்கை என்று நினைத்து வாசிக்கிறவர் ஏமாந்துபோவார். பாதிக்குப் பாதி அது ஒரு கணக்குச் சண்டை. 1813-ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக்கென்று ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது. அந்த லட்சத்தைச் சமஸ்கிருத, அரபிக் கல்விக்கே தொடர்ந்து செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்குத் திருப்புவதா என்பதுதான் கேள்வி. பொதுக் கல்விக் குழு இரண்டாகப் பிளந்து நின்றது. மறுதரப்பில் பிரின்செப் போன்ற ஆங்கிலேய அதிகாரிகளே சமஸ்கிருதத்துக்காக வாதாடினார்கள். மெக்காலே எடுத்து வைத்த வாதங்களில் ஒன்று புத்தக விற்பனை. மூன்று ஆண்டுகளில் சுமார் 60,000 ரூபாய்க்கு அரபி, சமஸ்கிருத நூல்கள் அச்சிட்டோம், விற்று வந்தது ஆயிரம் ரூபாய்கூட இல்லை, 23,000 பிரதிகள் கிடங்கில் தூங்குகின்றன; அதே நேரத்தில் பள்ளிப் புத்தகச் சங்கம் ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் ஆங்கிலப் புத்தகங்களை விற்று இருபது சதவீதம் லாபமும் பார்க்கிறது என்கிறார். சமஸ்கிருதம் படிக்க மாணவனுக்கு நாம் உதவித்தொகை தருகிறோம், ஆங்கிலம் படிக்க அவனே நமக்குப் பணம் தருகிறான் என்பது இன்னொரு வாதம். கல்கத்தா மதரசாவையும் சமஸ்கிருதக் கல்லூரியையும் மூடிவிடலாம் என்றும் சொன்னார். பெண்டிங்க் மார்ச் 7-ல் ஆங்கிலத்துக்குச் சாதகமாக உத்தரவு போட்டார். ஆனால் கல்லூரிகளை மூடவில்லை. புதிய உதவித்தொகைகளையும் புத்தக அச்சடிப்பையும் நிறுத்தினார்.

கிராமத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இந்தச் சண்டைக்குள்ளேயே வரவில்லை. அவற்றுக்கு அரசின் லட்சத்தில் ஏற்கெனவே பங்கு இருந்தால்தானே எடுப்பதற்கு? நம்மூரில் "மெக்காலே கல்வி குமாஸ்தாக்களை உற்பத்தி செய்யும் கல்வி" என்று பட்டிமன்றத்திலிருந்து பட்டமளிப்பு விழாவரை கேட்கிறோம். பின்னால் நடந்தது ஏறக்குறைய அதுதான் என்று வாதிடலாம். ஆனால் குறிப்பில் நோக்கமாகச் சொல்லப்படுவது அது அல்ல.

குறிப்பில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் நிஜ வாக்கியம் ஒன்று உண்டு: "நமக்கும் நாம் ஆளும் கோடிக்கணக்கானவர்களுக்கும் நடுவே மொழிபெயர்த்துச் சொல்லக்கூடிய ஒரு வர்க்கத்தை உருவாக்க இப்போதைக்கு முயல வேண்டும், ரத்தத்திலும் நிறத்திலும் இந்தியர், ரசனையிலும் கருத்திலும் ஒழுக்கத்திலும் அறிவிலும் ஆங்கிலேயர்." இது போலி இல்லை. 2025 நவம்பரில் டெல்லியில் நடந்த ராம்நாத் கோயங்கா சொற்பொழிவில் பிரதமர் மோடி மெக்காலேயைப் பற்றிப் பேசியபோது மையமாக வைத்தது இந்தக் கருத்தைத்தான்: தோற்றத்தில் இந்தியர், மனத்தில் ஆங்கிலேயர். 2035-ல் இருநூறு ஆண்டு ஆகிறது, அதற்குள் அந்த மனநிலையிலிருந்து வெளியே வர வேண்டும் என்றார். வாட்ஸாப் படத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆவணத்தில் உள்ளதைத்தான் தொட்டிருக்கிறார்.

ஆனால் இந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு வாக்கியம், பின்னால் ஒரு வாக்கியம் இருக்கின்றன. இரண்டும் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிடும். முன்னால் இருப்பது, நம்மிடமுள்ள சொற்பப் பணத்தில் பொதுமக்கள் முழுவதற்கும் கல்வி தருவது முடியாத காரியம், இதில் எதிர்த்தரப்போடு ஒத்துப்போகிறேன் என்பது. பின்னால் இருப்பது, நாட்டு மொழிகளைச் செம்மைப்படுத்துவதையும், மேலை அறிவியல் சொற்களைக் கொண்டு வளப்படுத்துவதையும், படிப்படியாகப் பெருந்திரளான மக்களுக்கு அறிவைக் கொண்டுசேர்க்கும் கருவிகளாக அவற்றை ஆக்குவதையும் அந்த வர்க்கத்திடம் விட்டுவிடலாம் என்பது.

இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் மெக்காலே நல்லவராகிவிட மாட்டார். குற்றச்சாட்டு இடம் மாறும், அவ்வளவுதான். மேலே சிலருக்குக் கொடு, கீழே தானாக வடியும் என்ற கணக்கு அது. வடியவில்லை. நாட்டு மொழிகளில் அறிவியலை எழுதும் வேலையை அந்த வர்க்கம் நூறு ஆண்டுக்கு மேல் ஏறக்குறைய தொடவே இல்லை. தொட்ட சிலரும் தங்கள் சொந்த ஆர்வத்தில், சொந்தச் செலவில் தொட்டார்கள். மெக்காலேயை விமர்சிக்க இதைவிட வலுவான இடம் கிடையாது. முன்பின் வெட்டிய மேற்கோளில் அந்த இடம்தான் காணாமல் போகிறது. மிஞ்சுவது வேட்டியா பேண்டா என்கிற அளவிலான சண்டை.

வெட்டுவது ஒரு தரப்பின் பழக்கம் மட்டும் இல்லை. மெக்காலேயைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் 1833 ஜூலை 10-ல் அவர் நாடாளுமன்றத்தில் உண்மையாகவே பேசிய பேச்சை எடுப்பார்கள். ஐரோப்பிய அறிவைப் பெற்ற இந்தியர்கள் ஒரு காலத்தில் ஐரோப்பிய அரசியல் அமைப்புகளைக் கேட்கக்கூடும், அந்த நாள் வருமா தெரியாது, வந்தால் அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ மாட்டேன், அது ஆங்கில வரலாற்றின் மிகப் பெருமைக்குரிய நாளாக இருக்கும் என்றார். அழகான பேச்சு. ஆனால் அதே மனிதர் 1836-ல் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கல்வித் திட்டம் தொடர்ந்தால் முப்பது ஆண்டில் வங்காளத்தின் மரியாதைப்பட்ட வகுப்பாரிடையே ஓர் உருவ வழிபாட்டாளர்கூட இருக்க மாட்டார் என்று நம்பிக்கையோடு சொல்கிறார். மதமாற்ற முயற்சி எதுவும் தேவையில்லை, அறிவு வளர்வதே போதும் என்பது அவர் எண்ணம். முதல் மேற்கோளை வைத்திருப்பவர் இரண்டாவதைக் காட்ட மாட்டார். இரண்டாவதை வைத்திருப்பவர் முதலாவதை. கணிப்பு பொய்த்தது என்பதையும் இருவரும் சொல்வதில்லை. 1866-ல் வங்காளத்தில் துர்கா பூஜை நன்றாகவே நடந்தது.

தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் மெக்காலேயின் பிறந்தநாளான அக்டோபர் 25-ஐக் கொண்டாடுகிறவர். ஆங்கிலத்தை ஒரு தேவியாகவே உருவகித்தவர். சமஸ்கிருதக் கல்லூரிக்குள் தங்களை விடாதவர்களைவிட, அந்தக் கல்லூரியே வேண்டாம் என்றவர் மேல் என்பது அவர் வாதத்தின் சாரம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் "பொதுமக்கள் முழுவதற்கும் முடியாது" என்ற வரி அந்தக் கொண்டாட்டத்துக்கும் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

இதே குடும்பத்தில் சர்ச்சில் பெயரிலும் ஒன்று உண்டு: அதிகாரம் போக்கிரிகள், கயவர்கள், கொள்ளைக்காரர்கள் கைக்குப் போகும், இந்தியாவில் காற்றுக்கும் தண்ணீருக்கும்கூட வரி போடப்படும் நாள் வரும் என்று. பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் வரும். சர்ச்சிலின் பதிவான உரைகளில் இது கிடையாது. அவர் 1947 மார்ச் 6-ல் நிஜமாகச் சொன்னது, அதிகாரத்தை வைக்கோல் மனிதர்களிடம் கொடுக்கிறோம், சில ஆண்டுகளில் இவர்கள் இருந்த சுவடே இருக்காது என்பது. காந்தி, நேரு, படேலின் சுவடுகளைப் பற்றிய அந்தக் கணிப்பு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். அதனால் யாரும் அதை மேற்கோள் காட்டுவதில்லை. இதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

மெக்காலே போலியால் உண்மையில் நஷ்டப்படுவது யார் என்றால், இந்தியாவில் பழைய கல்வி முறை என்று ஒன்று நன்றாகவே இருந்தது என்று ஆதாரத்தோடு சொல்கிறவர்கள்தான். அந்த ஆதாரம் இருக்கிறது. அதுவும் நம்மூரில் இருக்கிறது.

சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லாக் கலெக்டர்களுக்கும் எழுதினார்: உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்தச் சாதியார், கணக்கு அனுப்புங்கள். மெக்காலே இந்தியாவில் கால் வைப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. பதில்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில், சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வருகிறது. 67 பேருக்கு ஒருவர். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்தால் பள்ளி வயதுப் பையன்களில் கால் பங்கு என்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக வரும் என்பது மன்றோவின் மதிப்பீடு. தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பான்மையோர் பிராமணர் அல்லாதவர்கள். தென்னாற்காட்டில் சூத்திரர் என்றும் பிற சாதியினர் என்றும் குறிக்கப்பட்டவர்கள் எண்பது சதவீதத்துக்கு மேல். பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்ற பொதுப்பேச்சுக்கு இது ஒரு நல்ல பதில். அதே பட்டியலில் பெண்களைத் தேடினால் மாகாணம் முழுவதிலும் 4,540 பேர். தீண்டாமைக்கு ஆளானவர்கள் "பிற சாதிகள்" என்ற கட்டத்துக்குள் எத்தனை பேர் என்பது அந்தக் கட்டத்தைப் பார்த்தால் தெரியாது.

1931 அக்டோபர் 20-ல் லண்டனில் சாதம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தில் காந்தி பேசியபோது இந்தக் கணக்குகள் அவர் கையில் இல்லை. ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இன்று இந்தியாவில் எழுத்தறிவு குறைவு, ஆங்கிலேயர் மண்ணைக் கிளறி வேரைப் பார்த்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள், அழகான மரம் பட்டுப்போயிற்று என்றார். கூட்டத்தில் இருந்த சர் பிலிப் ஹார்ட்டாக், டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், ஆதாரம் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். காந்தி தட்டிக்கழிக்கவில்லை. தேடினார், கடிதம் எழுதினார், தவறென்று தெரிந்தால் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 1939-ல், திருப்தியான ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனாலும் என் உள்ளுணர்வு அந்தக் கூற்றைப் பற்றிக்கொண்டே இருக்கிறது என்று அவருக்கு எழுதினார். இன்றைய அரசியலில் ஒரு வாக்கியத்துக்காக எட்டு ஆண்டு கடிதம் எழுதும் தலைவரைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை.

காந்தியவாதி தரம்பால் அந்தக் கலெக்டர் அறிக்கைகளை ஆவணக் காப்பகங்களிலிருந்து எடுத்து, 1983-ல் ஒரு பெரிய தொகுப்பாக அச்சிட்டார். காந்தி சொன்ன மரத்தையே தலைப்பாக வைத்தார். தரம்பாலின் முடிவுகளோடு முரண்படலாம். ஆனால் அவர் முழு ஆவணத்தையும் பின்னிணைப்பாகக் கொடுத்திருக்கிறார். நாமே படித்து முடிவு செய்துகொள்ளலாம்.

அதில் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை ஒன்று இருக்கிறது. மணலில் விரலால் எழுதிப் பழகுவது, கொஞ்சம் தெரிந்த மாணவன் தெரியாத மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகிய முறைகளை விவரித்துவிட்டு, இது நிச்சயமாகப் பாராட்டத்தக்கது, இங்கிலாந்தில் இதைப் பின்பற்றியிருப்பது பொருத்தமே என்று எழுதுகிறார். வெறும் முகஸ்துதி இல்லை. எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த முறையைப் பார்த்துப் பயன்படுத்தி, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது "மெட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே பரவியது. வெள்ளைக்காரரின் சான்றிதழ்தான் வேண்டுமென்றால் கையெழுத்தோடு, தேதியோடு, இதோ இருக்கிறது. இதை யாரும் படமாக்கிப் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

காரணம் அடுத்த பத்திகளில் இருக்கலாம். பாராட்டிய கையோடு காம்ப்பெல், இந்தப் பள்ளிகளின் பெரிய குறை அங்கே படிக்கும் பாடப் புத்தகங்களின் தன்மையும் தகுதியான ஆசிரியர் இல்லாமையும் என்கிறார். புரியாத செய்யுளை உருப்போடுவதில் ஆண்டுகள் போகின்றன என்கிறார். ஆங்கிலேய அபிமானிகளுக்கு அந்த வரிகள் போதும். ஆனால் அவரும் அங்கே நிறுத்தவில்லை. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் ஆயிரத்துக்கு ஏழு பேர்கூடப் பள்ளியில் இல்லை, முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது இல்லை, இதற்குக் காரணம் நாடு படிப்படியாக ஏழையாகிக்கொண்டே வருவதுதான் என்று வருத்தத்தோடு சொல்கிறார். ஐரோப்பியத் துணிகள் வந்து நெசவாளர் பிழைப்பு போனது, செல்வம் நாட்டைவிட்டு வெளியேறுவது, பழைய அரசுகள் கல்விக்குக் கொடுத்த ஆதரவு நின்றுபோனது என்று காரணங்களை அடுக்குகிறார். கம்பெனிக் கலெக்டர் ஒருவர் கம்பெனி அரசுக்கே அனுப்பிய அறிக்கை இது.